சமீகரணமும் சமன்பாடும்: எளிய சமன்பாட்டுச் சொற்கள் குறித்து

பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பீஜகணிதத்தில் ஒரு கணக்கு உண்டு. ஒருவனிடம் 300 ரூபமும் ஆறு குதிரைகளும் உள்ளன. மற்றொருவனிடம் பத்துக் குதிரைகள் உள்ளன. ஆயின் அவனுக்கு 100 ரூபம் கடன். குதிரைகள் யாவும் ஒரே விலையின. இருவர் செல்வமும் சமம். எனின், ஒரு குதிரையின் விலை என்ன?

இதனைப் பாஸ்கரர் இரு வரிகளாக அமைக்கிறார். மேல்வரி 'யா 6 ரூ 300'. கீழ்வரி 'யா 10 ரூ 100'. கீழ்வரியின் 100க்கு மேல் இடப்படும் புள்ளி அது கடன் என்பதைக் காட்டும். 'ரூ' என்பது ரூபம், அதாவது அறிந்த எண். 'யா' என்பது யாவத்தாவத் என்பதன் முதலசை; 'எவ்வளவோ அவ்வளவு' என்று பொருள்படும் இணைச்சுட்டுத் தொடர். அறியாத அளவைக் குறிக்கப் பெயர்ச்சொல்லை நாடாமல் சுட்டுச்சொல்லை நாடியது மொழியியலார் கருதத்தக்கது. ஆரியபடர் (கி.பி. 499) இதே இடத்தில் 'குளிகா', அதாவது சிறு மணி, என்னும் பெயரை ஆண்டார். அறியாதவை பலவாயின் காலகம், நீலகம், பீதகம் என நிறப்பெயர்கள் வரும். வர்ணம் என்பதற்கு நிறம், எழுத்து என இரு பொருளும் உண்டாதலால் இவ்வழக்கு எளிதில் நிலைபெற்றது போலும்.

இரு வரிகளும் 'பக்ஷம்' எனப்படும். இறகு, வாதத்தில் ஒரு தரப்பு என்பனவும் அச்சொல்லின் பொருள்கள். அவை மேலும் கீழுமாக நிற்றலின் இடப்பக்கம், வலப்பக்கம் என்னும் பேச்சுக்கு இங்கு இடமில்லை. தீர்க்கும் முறை 'சமசோதனம்'. தமிழ் வாசகர் இதனைச் 'சோதனை'யோடு மயங்கலாகாது. களைதல், கழித்தல் என்பதே பொருள். ஒரு தரப்பின் அவ்யக்தத்தை மற்றதிலிருந்தும், மற்றதன் ரூபத்தை முதலதிலிருந்தும் கழிக்க வேண்டும். பத்தில் ஆறு போக 4. 300இலிருந்து 100 கடனைக் கழிக்க 400. வகுத்தால் விலை 100. இவ்விதியைப் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே ஒரு சூத்திரத்தில் அடக்கியுள்ளார்.

பாக்தாதில் 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய அல்-குவாரிஸ்மியின் நூலில் குறியீடு எதுவும் இல்லை, யாவும் சொற்களே. அறியாதது 'ஷை' (பொருள்). மேற்கண்ட கணக்கை அவர் முறையில் செய்தால் இரு படிகள் வரும். 'நூறு குறைந்த பத்துப் பொருள்' என்பதில் குறைந்த நூற்றை ஈடுசெய்து, மறுபுறமும் நூற்றைக் கூட்டுவது அல்-ஜபர்: பத்துப் பொருள், ஆறு பொருளும் நானூறும் சேர்ந்ததற்குச் சமம். இருபுறமும் உள்ள ஓரினத்தை எதிர்நிறுத்திக் கழிப்பது அல்-முகாபலா: நான்கு பொருள் நானூற்றுக்குச் சமம்.

பாஸ்கரருக்கு ஒரு படி போதுமானதாயிருக்க இவருக்கு இரண்டு வேண்டியதேன்? தனம், ருணம் என எண்களை இரு வகையாகக் கொண்டு அவற்றின் செய்கைகளைப் பிரம்மகுப்தர் முன்னரே விதித்திருந்தார். கடனைக் கழித்தல் கூட்டலாகும் என்பது அங்கு இயல்பான விதி. அல்-குவாரிஸ்மியின் சமன்பாடுகளிலோ குறை எண் தனித்து நிற்பதில்லை. ஆகவே குறையை முதலில் நிரப்பியாக வேண்டும். எண் பற்றிய கொள்கை வேறுபாடே சொல் வேறுபாடாக வெளிப்பட்டது எனலாம்.

செஸ்டர் நகர் ராபர்ட் 1145இல் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். இலத்தீனில் 'ரேஸ்' ஆன 'ஷை' பின்னர் இத்தாலியத்தில் 'கோசா', ஜெர்மனில் 'கோஸ்' எனப் பெயர்ந்துகொண்டே சென்றது. 'ஜபர்' மட்டும் அரபு ஒலியோடே தங்கி, ஒரு படியின் பெயர் ஒரு துறையின் பெயராயிற்று. ஸ்பானியத்தில் 'அல்ஹெப்ரிஸ்தா' என்பது எலும்பு முறிவைச் சரிசெய்பவனையும் குறித்தது. மூலப்பொருள் அங்கேதான் பிழைத்திருந்தது.

தமிழுக்கு வருவோம். 'சமீகரணம்' சமமாக்கும் செயலைச் சொல்வது; பிறவினைப் பொருளது. 'சமன்பாடு' சமன்படுதலைச் சொல்வது, தன்வினைப் பொருளது. முன்னது ஒருவர் செய்யும் தொழில், பின்னது ஏற்கெனவே உள்ள நிலை. பள்ளிநூல்களுக்குப் பின்னது பொருந்தும். பாஸ்கரரைத் தமிழாக்குவோர்க்கு 'சமனாக்கம்' என்பதே நெருக்கமானது. அவ்வாறே அவ்யக்தத்தை 'மாறி' எனல் பிழை. குதிரையின் விலை மாறுவதில்லை, தெரியாமல் இருக்கிறது. 'தெரியாக் கணியம்' என்பதே தகும். சமசோதனத்தைப் 'பக்கம் மாற்றல்' எனப் பெயர்ப்பது அதனினும் தவறு: அங்கு எந்த உறுப்பும் இடம்பெயரவில்லை, குறி மாறவும் இல்லை. 'ஒத்த கழிப்பு' எனின் மூலத்தின் செய்முறை சிதையாது.