மன்னன் பெயரும் மண்ணின் உரிமையும்: கொங்கோவின் இடப்பெயர்கள் பற்றிய ஒரு நோக்கு

இடப்பெயராய்வு நம்மிடையே பெரும்பாலும் சொல்லாராய்ச்சியின் ஒரு கிளையாகவே வளர்ந்து வந்துள்ளது. ஒரு பெயரின் வேர்ச்சொல் யாது, அது எவ்வாறு திரிந்தது, எந்த ஈறு ஊரைக் குறிக்கும், எந்த ஈறு நீர்நிலையைக் குறிக்கும் என்பன போன்ற வினாக்களே ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்துள்ளன. இவை பயனற்றவை அல்ல. ஆயின் அரசர், அரசியர் பெயரால் வழங்கும் இடங்களைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் நம்மை நெடுந்தூரம் இட்டுச்செல்லா. விக்டோரியா ஏரி என்னும் பெயருக்கு வேர் காண்பதிற் சிரமம் ஏதுமில்லை. கேட்கவேண்டியவை வேறு: பெயரிட்டவர் யார், பெயரிடும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது, பெயரிட்ட பின்னர் அந்நிலத்தின் விளைவு எவர் கைக்குச் சென்றது?

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானிய இளவரசன் பிலிப்பின் பெயர் ஆசியாவின் தீவுக்கூட்டம் ஒன்றுக்குச் சூட்டப்பட்டது. 1682 இல் லா சால் என்னும் பிரெஞ்சுக்காரர் மிசிசிப்பி வடிநிலம் முழுவதையும் பதினான்காம் லூயியின் பெயரால் லூசியானா என்றழைத்தார். 1858 இல் ஸ்பீக் கண்ட பேரேரி விக்டோரியாவாயிற்று. 1864 இல் பேக்கர் கண்டது அவ்வரசியின் மறைந்த கணவரின் பெயரால் அல்பேட் ஆயிற்று. இவற்றிலெல்லாம் முன்னே நிற்பது முடியின் பெயர். பின்னே நிற்பன அரச திறைசேரியும் வணிகக் கம்பனிகளும். முடியின் பெயர் ஒரு திரையாகவே பயன்பட்டது எனலாம். கொங்கோவிலோ திரையும் திரைக்குப் பின்னிருந்தவரும் ஒருவரே. ஆகவேதான் அந்நாட்டின் இடப்பெயர்கள் தனியே ஆராயத்தக்கவை.

பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் 1865 முதல் 1909 வரை அரசாண்டவர். 1876 செப்டெம்பரில் அவர் பிரசல்ஸ் நகரிற் புவியியல் மகாநாடு ஒன்றைக் கூட்டினார். அறிவியலும் அடிமை வாணிப ஒழிப்பும் அதன் நோக்கங்களெனக் கூறப்பட்டன. ஸ்டான்லி அவரது முகவராக மீண்டும் ஆபிரிக்கா சென்று 1881 இல் கொங்கோ நதிக்கரையில் ஒரு நிலையத்தை அமைத்து அதற்கு லியோபோல்ட்வில் எனப் பெயரிட்டார். அவ்விடத்திற் கின்டாம்போ, கின்ஷாசா முதலிய ஊர்கள் முன்னரே இருந்தன. அடுத்த ஆண்டு அவர் கண்ட ஏரியொன்று இரண்டாம் லியோபோல்ட் ஏரியாயிற்று. 1884-85 பேர்லின் மகாநாட்டையொட்டி, பெல்ஜியத்தைப் போல் 75 மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடைய நாடொன்று, பெல்ஜிய அரசுக்கன்றி அம்மன்னரின் தனிப்பட்ட ஆட்சிக்கு உரியதாக ஏற்கப்பட்டது. மன்னர் ஒரு நாளேனும் அங்கு கால் வைத்தாரல்லர். காணி உறுதியில் உரிமையாளரின் பெயரை நொத்தாரிசு எழுதுவது போல, அவரது பெயர் அந்நிலத்தின்மீது எழுதப்பட்டது. இது வெறும் உவமையன்று. 1885 ஜூலை முதலாம் திகதிக் கட்டளை, கொங்கோவின் 'வெற்று நிலங்கள்' அனைத்தும் அரசுக்குரியவை என விதித்தது. வேட்டைக்காடும், தரிசாக விடப்பட்ட சேனைநிலமும், காட்டுக் கொடிகளும் இவ்வாறு 'வெற்று நில'மாயின. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கைக் கிராமத்தவரின் பொதுநிலங்கள் 'முடிக்குரிய காணி'களானமையை அறிந்தோர்க்கு இதன் தருக்கம் புதியதாயிராது.

மேற்குறித்த ஏரியின் கதை சற்று விரித்துரைக்கத்தக்கது. 1896 இல் மன்னர் அவ்வேரியைச் சூழ்ந்த பெருநிலப்பரப்பை 'முடியின் களம்' எனத் தமக்கெனத் தனியே ஒதுக்கிக்கொண்டார். அதற்கு எட்டாண்டு முன்னர் டன்லொப் காற்றடைத்த சில்லுக்கான உரிமம் பெற்றிருந்தார். சைக்கிள், மோட்டார் வண்டி ஆகியவற்றின் பெருக்கத்தோடு இறப்பரின் விலை ஏறிற்று. 1898 இல் மட்டாடியிலிருந்து லியோபோல்ட்வில் வரையிலான புகையிரதப் பாதை நிறைவெய்தியபின் காட்டிறப்பரைக் கடலுக்குக் கொண்டுசெல்லுதல் எளிதாயிற்று. எஞ்சிய பிரச்சினை உழைப்புப் பற்றியது. சந்தையும் கூலியும் வேரூன்றாத சமுதாயத்தில் மனிதரைக் காட்டுக்குள் அனுப்புவது எங்ஙனம்? மனைவியரையும் பிள்ளைகளையும் பணயமாகப் பிடித்துவைப்பதும், குறித்த நிறை கொணராத ஊர்களைச் சுடுவதும், செலவான தோட்டாவுக்குச் சான்றாக வெட்டப்பட்ட கையைக் கேட்பதும் அதற்கு விடைகளாயின. பிரித்தானியத் தூதர் றொஜர் கேஸ்மன்ற் தயாரித்து 1904 இல் வெளியான அறிக்கையில், மன்னர் பெயர் தாங்கிய அந்த ஏரிப்பகுதியிலிருந்து தப்பியோடி வந்தோரின் வாக்குமூலங்களும் இடம்பெற்றுள்ளன. அக்களத்தின் வருவாயோ பெல்ஜியத்தில் அரண்மனை விரிவாகவும் நினைவு வளைவாகவும் உருப்பெற்றது. பிரசல்ஸ் நகரில் 1905 இல் எழுந்த வெற்றி வளைவின் அழகைப் புகழும் கலை வரலாற்றாசிரியர் சிலர் அதன் கூலிக்கணக்கை எழுத மறந்துவிடுவர்.

பிரசல்ஸ் மகாநாடு நிகழ்ந்த அதே 1876 இல், பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டம் வழியாக வந்த இறப்பர்க் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடையில் நடப்பட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. கொங்கோவின் காட்டிறப்பரைச் சந்தையிலிருந்து அகற்றியது மனச்சாட்சி மட்டுமன்று; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலும் இலங்கையிலும் விளைந்த மலிவான தோட்ட இறப்பருமாகும். அதற்குப் பால்வெட்டியவர்களுட் பெருந்தொகையினர் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர். ஒரு வகைச் சுரண்டலை மற்றொரு வகைச் சுரண்டல் விலையால் வென்றது.

பெயரிடும் அதிகாரம் இல்லாதோர் பெயரிடாமல் இருந்தாரல்லர். பாறைகளை உடைத்துப் பாதை சமைத்த ஸ்டான்லியைக் கீழ்க் கொங்கோ மக்கள் 'புலா மத்தாரி', கல்லுடைப்பவன், என்றழைத்தனர். தனியொருவருக்கு இட்ட அப்பெயர் காலப்போக்கில் வரிதண்டும் அதிகாரிக்கும் படையாளுக்கும், ஈற்றில் அரசு என்னும் அமைப்பு முழுவதற்குமே பெயராயிற்று. தேசப்படத்தில் இடம்பெறாத இச்சொல், கட்டாய உழைப்பின் கீழ் வாழ்ந்தோர் அரசை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதற்குச் சான்றாகும். மன்னரின் பெயர் தாங்கிய ஊர்களைக் காட்டிலும் வரலாற்று மாணவனுக்கு இச்சொல்லே மிகுதியாகக் கற்பிக்கும் என்பது என் கருத்து.

1908 இல் பெல்ஜிய அரசு கொங்கோவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. தனியொருவரின் கொள்ளையிடத்தை நிதிமூலதனத்தின் ஒழுங்கான சுரண்டல் பிடித்துக்கொண்டதை இடப்பெயர்களிலேயே காணலாம். 1906 இல் தோன்றிய யூனியன் மினியேர் என்னும் சுரங்கக் கம்பனிக்காக 1910 இல் கட்டங்காவில் எழுந்த நகருக்குப் புதிய மன்னர் அல்பேட்டின் மனைவி பெயரால் எலிசபெத்வில் எனப் பெயரிடப்பட்டது. லுபும்பாஷி ஆற்றோரத்து உலையில் 1911 இல் செம்பு உருக்கப்பட்டது. ஊர் வளர்ந்தது உலையால், பெயர் வந்ததோ அரசியால். தங்கனீக்கா ஏரிக்கரையில் அல்பேட்வில் எழுந்தது. ஆனால் அருகிலேயே மற்றொரு செம்பு நகர் ஜாடோவில் என வழங்கிற்று. ஜாடோ மன்னரல்லர், தேசாதிபதியுமல்லர். யூனியன் மினியேரையும் அதன் பின்னின்ற பெல்ஜியப் பெருவங்கியையும் தலைமைதாங்கி நடத்திய பொறியியலாளர். மன்னர் வரிசையில் கம்பனித் தலைவர் வந்து அமர்ந்தமை, அதிகாரம் எங்கு குடியேறிவிட்டது என்பதை ஒளிவுமறைவின்றி உணர்த்துகிறது. 1941 டிசெம்பரில் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் எலிசபெத்வில் நகரிற் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அரசின் துப்பாக்கி கம்பனியின் கணக்கைக் காத்துநின்றது.

1960 ஜூன் 30 ஆம் திகதி லியோபோல்ட்வில் நகரில் நடைபெற்ற சுதந்திர விழாவில், மன்னர் போதுவான் தம் முன்னோரான லியோபோல்டின் மேதைமையைப் புகழ்ந்து பேசினார். சுதந்திரம் அவர் தொடங்கிய பணியின் நிறைவே என்பது அவ்வுரையின் சாரம். பிரதமர் பட்ரிஸ் லுமும்பா எழுந்து அடியும் ஏச்சும் நிலப்பறிப்பும் நிறைந்த காலத்தை நினைவூட்டினார். ஏழு மாதங்களுக்குள், 1961 ஜனவரி 17 இல், எலிசபெத்வில் அருகே அவர் கொலையுண்டார். 1966 இல் லியோபோல்ட்வில் கின்ஷாசாவாகவும், எலிசபெத்வில் லுபும்பாஷியாகவும் மாறின. மாற்றியவர் மொபுட்டு, லுமும்பாவை வீழ்த்தியதிற் பங்குகொண்ட அதே மொபுட்டு. யூனியன் மினியேர் தேசியமயமாக்கப்பட்டபின்னரும் அதன் தாதுக்களைப் பதப்படுத்தி விற்கும் பொறுப்பு அதே பெல்ஜியக் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனமொன்றிடமே ஒப்படைக்கப்பட்டது. சுதேசியம் பேசிய மொபுட்டு 1970களில் அல்பேட் ஏரிக்குத் தம் பெயரையே சூட்டினார். அயல்நாட்டு இடி அமீன் எட்வேர்ட் ஏரிக்குத் தம் பெயரைச் சூட்டினார். இருவரும் வீழ்ந்தபின் ஏரிகள் மீண்டும் அல்பேட்டும் எட்வேர்ட்டும் ஆயின. கொழும்பின் விக்டோரியா பூங்கா விகாரமகாதேவிப் பூங்காவானபோதும் ஓர் அரசியின் இடத்துக்கு மற்றோர் அரசிதான் வந்தாள் என்பதை நாம் நினைத்துப்பார்த்ததுண்டா?

பெல்ஜியத்திலும் பெயர்கள் அசையத் தொடங்கியுள்ளன. 2018 இல் பிரசல்ஸ் நகரில் ஒரு சதுக்கம் லுமும்பாவின் பெயர் பெற்றது. 2020 இல் மன்னர் பிலிப் கடந்தகால வன்செயல்களுக்கு வருத்தம் தெரிவித்தார். லியோபோல்டின் பெயர் தாங்கிய நகரச் சுரங்கப்பாதை ஒரு பாடகியின் பெயருக்கு மாறிற்று. கின்ஷாசாவில் அகற்றப்பட்டிருந்த லியோபோல்டின் குதிரைச் சிலை 2005 இல் மீண்டும் நிறுத்தப்பட்டு ஒரு நாளுக்குள்ளேயே இறக்கப்பட்டமையும் இவ்வரிசையிற் சேரும்.

முடியின் களத்து ஏரி 1970களில் மாய் ண்டொம்பே, கரிய நீர், என்னும் பெயரைப் பெற்றது. 1973 ஆம் ஆண்டின் காணிச்சட்டம், நாட்டின் நிலம் முழுவதும் அரசுக்கே உரிய, பிறர்க்குக் கைமாற்றவியலாத சொத்து என விதித்தது. கிராமத்தவரின் வழக்காற்று உரிமைகள் பின்னர் வரும் சனாதிபதிக் கட்டளையால் வரையறுக்கப்படும் என்றது அச்சட்டம். அக்கட்டளை பல தசாப்தங்களாக வெளிவரவில்லை. 2018 இல், மாய் ண்டொம்பே மாகாணத்துக் காடுகளை அழியாது காத்துக் காபன் வெளியேற்றத்தைக் குறைப்பதற்காக, உலக வங்கியின் பொறுப்பிலுள்ள நிதியம் ஒன்று 55 மில்லியன் டொலர் வரை வழங்கும் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதில் விற்பவராக ஒப்பமிட்டது கின்ஷாசா அரசாங்கம்.