தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடலாமா? ஒரு மெழுகு வால்வின் கதை

“நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? கழட்டிட்டா இன்ஜின் ஜில்லுனு ஓடும்.” பிக்கப் வண்டி வச்சிருக்கிறவங்க இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. இது சரியா? பதிலுக்கு நூறு வருஷம் பின்னாடி, அமெரிக்காவுக்குப் போகணும்.

1925-ல் ஃபோர்டு, மாடல் டி காரின் பின்னால் இரும்புத் தொட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்றது. தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக வந்த அவர்களுடைய முதல் வண்டி அதுதான். அதில் தெர்மோஸ்டாட் கிடையாது. தண்ணீர் பம்ப்பும் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறிக் கீழே இறங்கும். அவ்வளவுதான். பனிக்காலத்தில் இன்ஜின் சூடேறவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஜனங்க ரேடியேட்டர் முன்னாடி அட்டையையோ போர்வையையோ கட்டி ஓட்டினாங்க.

இன்ஜின் ஜில்லுனு இருந்தா நல்லதுதானேன்னு தோணும். இல்லை. குளிர்ந்த சிலிண்டரில் பெட்ரோல் முழுசா ஆவியாகாது. சுவரில் படிந்து, ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். தேய்மானம் கூடும்.

பம்ப் வைத்த வண்டிகளில் பிரச்சினை இன்னும் பெரிசு. ஸ்டார்ட் பண்ண நொடியிலிருந்தே தண்ணீர் சுற்ற ஆரம்பிச்சிடும். அதனால், சூடு வரும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்க ஒரு வால்வு தேவைப்பட்டது. காடிலாக் தன் வி-8 இன்ஜினில் 1914-லேயே தெர்மோஸ்டாட் வைத்தது. பழைய வால்வுகள் பெரும்பாலும் துருத்தி மாதிரி. உள்ளே சீக்கிரம் ஆவியாகும் திரவம் இருக்கும். சூடானால் துருத்தி விரிந்து வழி திறக்கும். ஆனால் ரேடியேட்டருக்கு அழுத்த மூடி வந்ததும், வெளி அழுத்தம் துருத்தியை நசுக்கிக் கணக்கைக் கெடுத்தது.

தீர்வு மெழுகு. 1930-களில் செர்ஜியஸ் வெர்னெட் என்ற பொறியாளர் மெழுகு அடைத்த குமிழுக்குக் காப்புரிமை வாங்கினார். உருகும் மெழுகு விரிந்து ஒரு தண்டைத் தள்ளும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். வெளி அழுத்தம் அதை ஏமாற்ற முடியாது. இன்னைக்கும் உங்க வண்டியில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். பல இன்ஜின்களில் இந்த வால்வு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, குறுக்கு வழியான பைபாஸை மூடும். கழட்டிட்டா சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பிவிடும். மே மாத வெயிலில், லோடு ஏத்தின வண்டி அதனாலேயே கொதிக்கலாம்! குளிர் காலையில் கம்ப்யூட்டர், “இன்ஜின் இன்னும் சூடாகலை”ன்னு நினைச்சு எரிபொருளை அதிகமா ஊத்தும். மைலேஜ் போச்சு.

கெட்டுப்போனா மாத்துங்க. வீட்டிலேயே முடியும். இன்ஜின் நல்லா ஆறணும். சூட்டில் மூடியைத் திறந்தா கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட்டை வடிச்சிட்டு, மெழுகுக் குமிழ் இன்ஜின் பக்கம் இருக்கும்படி, புது கேஸ்கெட்டோட வையுங்க. திரும்ப நிரப்பும்போது காற்றை முழுசா வெளியேத்துங்க. பழசு உண்மையிலேயே கெட்டதான்னு பார்க்க, பாத்திரத்தில் வெந்நீர், ஒரு தெர்மாமீட்டர் போதும். அதன் மேல் பொறித்த டிகிரியில் திறக்க ஆரம்பிக்குதா பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.