வான் தீவின் சிமென்ட் பார்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. ஒன்று கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி, மற்றொன்று தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லி. மூன்றாவதாகப் போக இருந்தது, அதே தூத்துக்குடிப் பக்கத்து வான் தீவு. 2013-இல் அது நடுவில் அறுபட்டு இரண்டு துண்டானது.

இந்தத் தீவுகள் மலையோ பாறையோ அல்ல. பவளப்பாரின் மேல் அலை கொண்டுவந்து சேர்த்த மணலும் பவளச் சில்லுகளும்தான். சோழக்காற்றில் மணல் ஒரு பக்கம் ஒதுங்கும், வாடையில் மறுபக்கம் திரும்பும். அப்படி நகர்ந்தும் தீவு கரையாமல் நின்றதற்குக் காரணம், சுற்றியிருந்த பார் அலையின் வேகத்தை முன்னாலேயே உடைத்துவிட்டதுதான்.

அந்தப் பாரைத்தான் பல பத்தாண்டுகளாக வள்ளம் வள்ளமாகப் பெயர்த்தெடுத்தோம். சுண்ணாம்புச் சூளைக்குப் போனது, கட்டடத்துக்குப் போனது. கடலோர ஊர்களில் பூச்சு உதிர்ந்த பழைய சுவரை உற்றுப் பார்த்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த இடம்.

சட்டங்கள் வராமல் இல்லை. 1986-இல் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை பவளப்பார்களை மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வைத்தது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் கல் எடுப்பது நின்றது. ஆனால் எடுத்த கல் திரும்பவில்லை. உருண்டையாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: அமெரிக்காவில் ஓர் ஏக்கரோ அதற்கு மேலோ நிலத்தைக் கிளறிக் கட்டடம் எழுப்புகிறவர், மண் வெளியே ஓடாதபடி தடுப்பு வைத்தாக வேண்டும். மழை வருமுன் மண்ணைப் பிடித்துவைப்பதுதான் அந்த விதியின் உயிர். நம் கடலில் மண்ணைப் பிடித்திருந்த தடுப்பை முதலில் கழற்றிவிட்டு, விதியைப் பிறகு எழுதினோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை வருகிறது.

பார் இல்லாமல் போன அந்தக் குறையிலிருந்துதான் செயற்கைப் பார் பிறந்தது. சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியிலேயே இருப்பது. வான் தீவு தேய்வதை அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் அளந்து வந்தார்கள். சென்னை ஐஐடி பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். மத்திய அரசின் காலநிலைத் தகவமைப்பு நிதியிலிருந்து சுமார் 25 கோடி ரூபாய் வந்தது. 2015-இல் வேலை தொடங்கியது.

தீவைச் சுற்றிக் கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் முட்டும் அலை திரும்பி அடித்துச் சுவரின் அடி மண்ணையே பறிக்கும். அதனால் சிமென்ட் கல்லை ஓட்டையாக வார்த்தார்கள். அடி அகன்று மேல் குறுகிய சரிவக வடிவம், பக்கங்களில் பெரிய துளைகள். அலை துளை வழியே நுழைந்து, சிதறி, வலுவிழந்து அந்தப் பக்கம் போகும். வேகம் குறைந்த தண்ணீரால் மணலைத் தூக்கிச் செல்ல முடியாது, அங்கேயே போட்டுவிடும். கடலோடு மல்லுக்கட்டாமல் அதன் வேகத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் இந்த யோசனைதான் முழு வேலையிலும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாரும் அதைத்தானே செய்துகொண்டிருந்தது!

மிதவையில் ஏற்றிச் சென்று, தீவின் கடல் பக்கத்தில் வரிசை வரிசையாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை இறக்கினார்கள். துளைகளில் மீன் புகுந்தது, சிமென்ட் மேல் பவளக் குஞ்சுகள் ஒட்டின. கல்லுக்கும் கரைக்கும் நடுவே மணல் சேர்ந்து, தேய்ந்துகொண்டிருந்த தீவு மெல்ல அகலத் தொடங்கியது. மண்ணை வேரால் கட்டிப்போடும் கடற்புல்லையும் அந்தப் பகுதியில் நட்டார்கள்.

இப்போது அதே முறை பக்கத்துக் கரியாச்சல்லித் தீவுக்குப் போகிறது. உலக வங்கி உதவியோடு தமிழக அரசு அதை எடுத்துச் செய்கிறது. கரியாச்சல்லியும் 1969-இல் இருந்த பரப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. ஆனால் அங்கே கல் இறக்கும்போது, தீவு இன்னும் தண்ணீருக்கு மேலே இருக்கிறது.