மணற்பள்ளமும் தண்ட அடியும்: குழிப்பந்தாட்ட விதி ஒன்றின் வரலாறு

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில், பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்தே, கிடக்கும் நிலையிலேயே அதை அடிக்க வேண்டும் என்பது அடிப்படை நெறி. புல்வெளியில் இதைக் கடைப்பிடிப்பது எளிது. பங்கர் எனப்படும் மணற்பள்ளத்தில்தான் இந்த நெறி கடும் சோதனைக்கு உள்ளாகிறது. மணலில் கிடக்கும் பந்தை அடிப்பதற்கு முன் மட்டையால் மணலைத் தொடலாமா, தொட்டால் என்ன தண்டம் என்ற கேள்விகளுக்கு விதிநூல்கள் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. பெரும் போட்டிகளின் முடிவையே இந்த விதி மாற்றியிருக்கிறது. அந்த விடைகள் எப்படி மாறின, எது மாறாமல் நின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளங்களின் தோற்றம்

இன்றைய ஆடுகளங்களில் மணற்பள்ளங்கள் திட்டமிட்டு வெட்டப்படுகின்றன. தொடக்கத்தில் அவை மனிதர் வெட்டியவை அல்ல. ஸ்காட்லாந்தின் கடற்கரைகளில், கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடைப்பட்ட மேடுபள்ளமான மணற்பாங்கான புல்வெளிகளில் இவ்வாட்டம் வளர்ந்தது. உழவுக்கு உதவாத அந்நிலத்தில் ஆடுகள் மேய்ந்தன. கடற்காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த இடங்களில் புல் தேய்ந்து மணல் வெளிப்பட்டது என்றும், காற்றும் முயல் வளைகளும் அவற்றை அகலப்படுத்தின என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரின் பழைய ஆடுகளத்தில் 112 மணற்பள்ளங்கள் உள்ளன. பலவற்றுக்குத் தனிப் பெயர்களும் உண்டு. 14-ஆம் குழிக்கான பாதையில் உள்ளதற்கு 'நரகம்' என்றே பெயர். 1995-ஆம் ஆண்டு ஓப்பன் போட்டியில் ஜாக் நிக்லாஸ் அதிலிருந்து வெளிவர நான்கு அடிகள் எடுத்துக்கொண்டு, அக்குழியைப் பத்து அடிகளில் முடித்தார். 1978-ஆம் ஆண்டு அதே களத்தில் 17-ஆம் குழியின் பசுந்தரையில் ஜப்பானின் டாமி நகாஜிமா உருட்டிய பந்து, சரிவில் இறங்கிப் பக்கத்து மணற்பள்ளத்தில் விழுந்தது. அக்குழிக்கு அவர் ஒன்பது அடிகள் எடுக்க நேர்ந்தது.

இவ்விரு நிகழ்வுகளிலும் தண்ட அடி எதுவும் இல்லை. மணற்பள்ளத்தில் பந்து விழுவது விதிமீறல் ஆகாது. வெளிவருவதற்குப் படும் பாடே அதற்கான விலை. அந்தப் பாட்டைக் குறுக்குவழியில் குறைத்துக்கொள்ள முயல்வதற்கே விதி தண்டம் விதிக்கிறது.

முதல் விதிகள்

இன்று கிடைக்கும் மிகப் பழைய எழுதப்பட்ட குழிப்பந்தாட்ட விதிகள் 1744-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. எடின்பரோ நகர மன்றம் வழங்கிய வெள்ளி மட்டைக்கான போட்டிக்காக, லீத் என்னும் இடத்தில் ஆடிவந்த கனவான்கள் அவற்றை வகுத்தனர். மொத்தம் 13 விதிகளே இருந்தன. நீரில் விழுந்த பந்தை எடுத்து ஆடலாம், ஆனால் எதிராளிக்கு ஓர் அடி விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது ஒரு விதி. பந்தை அடிப்பதற்காகக் கற்களையும் எலும்புகளையும் அகற்றக் கூடாது, சீரான புல்தரையில் மட்டும் பந்திலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் அகற்றலாம் என்றது மற்றொன்று.

மணற்பள்ளம் அந்த 13 விதிகளில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. எனினும், தரையைத் தனக்கு வசதியாகத் திருத்திக்கொள்ளக் கூடாது என்ற கருத்து அவற்றிலேயே இருந்தது. பிற்காலத்து மணற்பள்ள விதி இந்தக் கருத்தின் வளர்ச்சியே ஆகும்.

1754-இல் தோன்றிய செயிண்ட் ஆண்ட்ரூஸ் சங்கமும் ஏறக்குறைய இதே விதிகளை ஏற்றது. அச்சங்கம் 1834-இல் அரச ஆதரவு பெற்று 'ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்' என்ற பெயரை அடைந்தது. 1897 முதல் அதன் விதிக்குழு விதிகளை வகுக்கும் பொறுப்பை ஏற்றது. 1894-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட குழிப்பந்தாட்டச் சங்கமும் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் அமைப்பும் 1952-இல் உலகம் முழுமைக்கும் ஒரே விதிநூலை வெளியிட்டன.

மணலைத் தொடுவதால் என்ன ஆதாயம்?

பசுந்தரை அருகிலுள்ள மணற்பள்ளத்தில் ஆட்டக்காரர் பெரும்பாலும் பந்தை நேரடியாக அடிப்பதில்லை. பந்துக்குச் சற்றுப் பின்னால் மணலில் மட்டையை இறக்குகிறார். மட்டை தள்ளும் மணல் பந்தை மேலே தூக்கிச் செல்கிறது. மணல் இளகியதா, இறுகியதா, ஈரமானதா என்பதைப் பொறுத்தே எவ்வளவு ஆழமாக, எவ்வளவு வேகமாக அடிப்பது என்பது அமையும்.

ஆகவே முன்கூட்டியே மட்டையை மணலில் ஊன்றிப் பார்ப்பவருக்கு இரண்டு ஆதாயங்கள் உண்டு. ஒன்று, மணலின் தன்மையை அறிந்துகொள்கிறார். மற்றொன்று, பந்துக்குப் பின்னுள்ள மணலை அமுக்கித் தடையைக் குறைத்துக்கொள்கிறார். இவ்விரண்டையும் தடுக்கவே, அடிக்கும் முன் மட்டை மணலைத் தொடக் கூடாது என்ற விதி நிலைபெற்றது. அடிக்கணக்குப் போட்டியில் இதற்கு இரண்டு தண்ட அடிகள். குழிக்குக் குழி வெற்றி தோல்வி கணக்கிடும் போட்டியில் அந்தக் குழியையே இழக்க வேண்டும்.

கருவிகள் மேம்பட்டபோதும் இந்த விதி தளரவில்லை. அமெரிக்க வீரர் ஜீன் சரசன், அடிப்பகுதி தடித்த, மணலில் புதையாமல் வழுக்கிச் செல்லும் மட்டையை உருவாக்கி, 1932-இல் ஓப்பன் போட்டியை வென்றார். அதன்பின் மணல் மட்டை எங்கும் பரவியது. மணலிலிருந்து வெளிவருவது எளிதாயிற்று. மணலைச் சோதிப்பது மட்டும் குற்றமாகவே நீடித்தது.

2010: மணற்பள்ளம் என்று அறியாதவர்

2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் ஆடுகளத்தில் பிஜிஏ வாகையர் போட்டி நடந்தது. அக்களத்தில் ஏறத்தாழ 1,000 மணற்பள்ளங்கள் உண்டு. அவற்றுள் பல, பார்வையாளர்கள் நடமாடும் பகுதியில் இருந்தன. மிதிபட்டாலும், கயிற்றுக்கு வெளியே இருந்தாலும், அவை அனைத்தும் மணற்பள்ளங்களாகவே கருதப்படும் என்று போட்டிக்கான சிறப்பு விதியாக முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது.

கடைசி நாளின் கடைசிக் குழிக்கு வந்தபோது டஸ்டின் ஜான்சன் ஓர் அடி முன்னிலையில் இருந்தார். அவர் அடித்த பந்து வலப்புறம் விலகிப் பார்வையாளர் கூட்டத்தின் நடுவே மணல்திட்டு ஒன்றில் கிடந்தது. மக்கள் மிதித்துத் தேய்ந்த தரை என்று எண்ணிய அவர், அடிக்கும் முன் மட்டையைத் தரையில் ஊன்றினார். ஐந்து அடிகளில் குழியை முடித்து, முதலிடத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் இடம் பெற்றதாகவே நினைத்தார். கணக்குத் தாளில் கையெழுத்திடும் முன் நடுவர்கள் தண்டத்தைத் தெரிவித்தனர். ஐந்து ஏழாயிற்று. கூடுதல் ஆட்டம் மார்ட்டின் கைமருக்கும் பப்பா வாட்சனுக்கும் இடையே நடந்து, கைமர் வென்றார். ஜான்சன் ஐந்தாம் இடத்தைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார்.

விதியின்படி தீர்ப்பு சரியானதே. ஆனால் எது மணற்பள்ளம் என்பதே ஐயமாக இருக்கும்போது விதி எவ்வளவு கடுமையாகிறது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. 2012-இல் கியாவா தீவில் நடந்த இதே போட்டியில் மணற்பகுதிகள் எவையும் மணற்பள்ளங்களாகக் கருதப்படமாட்டா என்று அறிவிக்கப்பட்டது. அங்கே மட்டையை மணலில் ஊன்றுவது குற்றமாகவில்லை.

2016: கண்ணுக்குத் தெரியாத மணல்

2016-ஆம் ஆண்டு அமெரிக்க மகளிர் ஓப்பன் போட்டியில் சுவீடனின் அன்னா நோர்ட்குவிஸ்டும் அமெரிக்காவின் பிரிட்டனி லாங்கும் மூன்று குழிகள் கொண்ட கூடுதல் ஆட்டத்தில் மோதினர். இரண்டாம் குழியில் மணற்பள்ளத்திலிருந்து அடித்தபோது, மட்டையைப் பின்னே இழுக்கையில் நோர்ட்குவிஸ்டின் மட்டை சில மணல் துகள்களை உரசியது. அவர் அதை உணரவில்லை. அருகில் இருந்தவர்களும் காணவில்லை. பெரிதாக்கிய தொலைக்காட்சிப் படத்தில்தான் அது தெரிந்தது.

கடைசிக் குழியில் அவர் மூன்றாம் அடியை அடித்த பிறகே இரண்டு தண்ட அடிகள் பற்றி அவரிடம் கூறப்பட்டது. லாங் தம் மூன்றாம் அடியை அடிக்கும் முன்பே அதை அறிந்துகொண்டார். நிலைமையை அறிந்து பாதுகாப்பாக ஆடும் வாய்ப்பு ஒருவருக்கு மட்டுமே கிடைத்தது. லாங் வென்றார்.

மனிதக் கண்ணால் காண முடியாத உரசலால் எந்த ஆதாயமும் கிடைக்காதே என்ற கேள்வி எழுந்தது. 2017 ஏப்ரலில் இரு ஆட்சி அமைப்புகளும் புதிய விளக்கம் ஒன்றை வெளியிட்டன. வெறும் கண்ணால் காண இயலாத மீறலை, காணொளியை மட்டும் சான்றாகக் கொண்டு தண்டிக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

2019: விதியின் மறுசீரமைப்பு

2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிநூலில் 34 விதிகள் 24 ஆகச் சுருங்கின. மணற்பள்ளத்துக்கு 12-ஆம் விதி ஒதுக்கப்பட்டது. அதன்படி இன்றும் தண்டத்துக்கு உரியவை:

- மணலின் தன்மையை அறிய வேண்டுமென்றே கை, மட்டை, வாரி முதலியவற்றால் தொடுதல்
- பந்துக்கு நேர் முன்னோ நேர் பின்னோ மட்டையை மணலில் வைத்தல்
- பயிற்சி வீச்சின்போது மட்டையால் மணலைத் தொடுதல்
- அடிப்பதற்காக மட்டையைப் பின்னே இழுக்கையில் மணலைத் தொடுதல்

தண்டமின்றி அனுமதிக்கப்படுபவை:

- சருகு, சுள்ளி, கல் போன்றவற்றை, பந்தை நகர்த்தாமல் அகற்றுதல்
- நிற்பதற்காகக் கால்களை மணலில் பதித்தல்
- தடுமாறாமல் இருக்கவோ இளைப்பாறவோ மட்டையை ஊன்றுதல்
- எரிச்சலில் மணலை அடித்தல்

பந்தை அடிக்கவே முடியாது என்று முடிவு செய்பவருக்கும் வழி உண்டு. ஒரு தண்ட அடியுடன், முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிச் சென்று ஆடலாம், அல்லது பள்ளத்துக்குள்ளேயே வேறிடத்தில் பந்தை விட்டு ஆடலாம். குழியையும் பந்தையும் இணைக்கும் கோட்டின் நீட்சியில் பள்ளத்துக்கு வெளியே பின்னால் சென்று ஆட விரும்பினால் இரண்டு தண்ட அடிகள் ஏற்க வேண்டும். இந்தக் கடைசி வாய்ப்பு 2019-இல் புதிதாகச் சேர்க்கப்பட்டது. மணலிலிருந்து வெளியேறவே இயலாத புதிய ஆட்டக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் இது பெரிய உதவி.

மாறியதும் மாறாததும்

முன்னிரு நிகழ்ச்சிகளையும் இன்றைய விதியில் வைத்துப் பார்த்தால் மாற்றத்தின் அளவு தெளிவாகும். நோர்ட்குவிஸ்டின் மட்டை உரசியது இன்றும் விதியின் சொற்படி மீறல்தான். ஆனால் வெறும் கண்ணால் காண இயலாததாயின் தண்டம் இராது. ஜான்சனின் நிலை வேறு. பந்துக்கு நேர் பின்னால் மட்டையை ஊன்றுவது இன்றும் குற்றமே. அந்த மணல்திட்டு மணற்பள்ளம் என்று அறிவிக்கப்பட்டிருக்கும் வரை, இன்றும் அவருக்கு இரண்டு தண்ட அடிகள் உண்டு. அறியாமல் செய்தேன் என்பது அன்றுபோல் இன்றும் விடையாகாது.

சருகை அகற்றுபவரும் இளைப்பாற மட்டையை ஊன்றுபவரும் இன்று தண்டத்திலிருந்து விடுபட்டுள்ளனர். மணல் தரும் சவாலைக் குறைக்கும் செயல்களை மட்டுமே விதி இன்னும் குறிவைக்கிறது. தரையைத் தனக்கேற்பத் திருத்தாமல், கிடந்த பந்தைக் கிடந்தபடியே ஆட வேண்டும் என்ற 1744-ஆம் ஆண்டுக் கருத்து அதில் இன்றும் தொடர்கிறது.