பொதுவலிப்பில் மூளை அலைகள்: நோயறிதலிலிருந்து முன்கணிப்பு வரை

ஜெர்மனியின் யெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929இல் வெளியிட்டபோது உடலியலாளர்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தவில்லை. கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் 1934இல் அதே அலைகளைக் கண்டு உறுதிசெய்த பின்னரே நிலைமை மாறியது. அடுத்த ஆண்டே ஹார்வர்டில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் ஆகியோர் வலிப்பு நோயாளிகளிடம் இம்முறையைப் பயன்படுத்தினர். பேசிக்கொண்டிருக்கும் குழந்தை சில நொடிகள் நிலைகுத்திப் பார்த்து, ஒன்றும் நடவாததுபோல் பேச்சைத் தொடரும் ‘ஆப்சென்ஸ்’ வலிப்பின்போது, ஒரு கூர்முனையும் அதைத் தொடர்ந்து ஓர் அகன்ற அலையுமாக, நொடிக்கு 3 முறை, பொதுவலிப்பின் அடையாளமாகத் தலை முழுவதும் ஒரே நேரத்தில் எழுவதை அவர்கள் கண்டார்கள்.

இன்றும் இந்த அலையைக் காண்பது எளிது. மூளை அலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. அறையில் டெக்னீஷியன் குழந்தையை மூன்று நிமிடம் இடைவிடாமல் ஊதச் சொல்வார். இடையில் ஊதல் நின்று கண் நிலைகுத்தும். திரையில் எல்லாக் கோடுகளும் ஒருசேர எழும்பும். அந்நேரம் பார்த்து டெக்னீஷியன் ஒரு சொல்லைச் சொல்வார். வலிப்பு நின்றதும் அது என்ன சொல் என்று கேட்டால் குழந்தைக்குப் பெரும்பாலும் தெரியாது. கோடுகளோ அதற்குள் பழைய சீரான தாளத்துக்குத் திரும்பியிருக்கும். கூர்முனை நோயின் பெயரைச் சொல்கிறது. நோய் எப்படிப் போகும் என்பதற்கான தடயம் இந்தப் பின்னணித் தாளத்தில்தான் அதிகம் என்பது தெரிய வர நெடுங்காலம் பிடித்தது.

முன்கணிப்பின் முதல் அளவுகோலாக இருந்தது அலையின் வேகம். நொடிக்கு 2.5க்கும் குறைவாக வரும் கூர்முனை அலைகளைக் கிப்ஸ் தம்பதியரும் லென்னாக்ஸும் 1939இல் தனியே பிரித்துக் காட்டினர். 1950இல் லென்னாக்ஸ் அவற்றை மருத்துவக் கூறுகளோடு இணைத்தார். மார்செய்லில் கஸ்தோவின் குழு 1966இல் அந்த நோய்க்குறித் தொகுதியை முழுமையாக விவரித்தது. இன்று அது லென்னாக்ஸ்-கஸ்தோ என்று வழங்குகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத பலவகை வலிப்புகளும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் அதன் இயல்பு. வேகமான அலை என்றால் நன்மை, மெதுவான அலை என்றால் தீமை என்ற எளிய கணக்கு அப்போது நிலைபெற்றது.

யான்ஸும் கிறிஸ்டியானும் 1957இல் விவரித்த இளம்பருவத் தசைவெட்டு வலிப்பு இந்தக் கணக்கைக் குலைத்தது. காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுக்கும்; தேநீர்க் கோப்பை கை நழுவி விழும். இங்கே அலைகள் நொடிக்கு 4 முதல் 6. பல கூர்முனைகள் கொத்தாக முன்வரும். மருந்து பெரும்பாலோருக்கு நன்றாக வேலை செய்கிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு வலிப்பு திரும்புகிறது. ஆக, ‘விளைவு’ என்பதற்குள் இரு கேள்விகள் உள்ளன: மருந்துக்குக் கட்டுப்படுமா? மருந்தில்லாமல் தீருமா? இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதே பழைய ஆய்வுகள் பலவும் ஒன்றோடொன்று முரண்படக் காரணம் என்பது என் கருத்து.

இரண்டாம் கேள்விக்குத் தெளிவான விடை கனடாவிலிருந்து வந்தது. நோவா ஸ்கோஷியாவில் குழந்தைப்பருவ ஆப்சென்ஸ் வலிப்பு உற்றவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து விரெல் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில் 65 விழுக்காட்டினர் குணமாகியிருந்தனர். 15 விழுக்காட்டினருக்குத் தசைவெட்டு வலிப்பு தோன்றியிருந்தது. தீராத நோய்க்கான அறிகுறிகளில் ஒன்று, முதல் ஈ.ஈ.ஜி.யிலேயே பின்னணித் தாளம் சீர்கெட்டிருந்தது.

ஆனாலும் ஈ.ஈ.ஜி.க்கு அளவுக்கு மீறிய எடை தரலாகாது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1,013 பேரை வைத்து நடத்திய மருந்து நிறுத்தச் சோதனையின் தொடர்ச்சியாக, 1993இல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தது. அதில் வலிப்பு திரும்பும் ஆபத்துக்காக முந்தைய ஆண்டின் அசாதாரண ஈ.ஈ.ஜி.க்கு 20 புள்ளி. தசைவெட்டு வலிப்பு வந்த வரலாற்றுக்கு 50. நோயாளி வாய்மொழியாகச் சொல்லும் காலைநேரக் கதை இயந்திரத்தின் கோட்டைவிடக் கனமானது.

மருந்துக்குக் கட்டுப்படுமா என்ற முதல் கேள்விக்கான விடை உறக்கத்தில் இருந்தது. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2018இல் பொதுவலிப்பில் பெரும்பாலும் உறக்கத்தின்போது கூர்முனைகள் தொடர்ச்சரமாக எழும் ஒரு வடிவத்தை மருந்துக்கு அடங்காமைக்கான குறியீடாக முன்வைத்தனர். லென்னாக்ஸ்-கஸ்தோ நோயாளிகளின் உறக்கத்தில் நெடுங்காலமாகக் காணப்பட்ட வேக அலைத் தொடரின் உறவு இது. இவ்வகை ஆய்வுகளில் பெரிய மருத்துவமனையை நாடி வந்த கடினமான நோயாளிகளே மிகுதி என்பதால், சாதாரணக் கிளினிக்கில் இக்குறியீடு அதே வலிமையோடு நிற்குமா என்பது இன்னும் சோதிக்கப்பட வேண்டும். கண் விழித்திருக்கும் அரை மணி நேரப் பதிவு நோயின் பெயரைச் சொல்லப் பல நேரங்களில் போதும். நோயின் போக்கைக் கணிக்க உறக்கப் பதிவும் இல்லாத அறிக்கையை முழுமையானதென்று ஏற்பதற்கில்லை.