செற்றமும் கொடுமையும்: பிரீமோ லேவியின் நூல்வழி ஓர் ஆய்வு

வெகுளி வேறு, செற்றம் வேறு. வெகுளி ஒரு கணத்தில் எழுந்து அடங்குவது. செற்றமோ நெஞ்சில் நெடிது நின்று முறுகுவது. நாசி ஆட்சியில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்ட பேரழிவிற்கு வெகுளியைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. செற்றம் ஓர் அரசின் நடைமுறையாக மாறியவாற்றை அவ்வழிவினின்று மீண்டோர் எழுதிய நூல்கள் காட்டுகின்றன. அவற்றுள் ஒன்றாகிய, பிரீமோ லேவியின் 'இவன் மனிதனாயின்' என்னும் நூலை ஈண்டு நோக்குவாம்.

லேவி 1919-இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தவர், வேதியியல் கற்றவர். 1943 டிசம்பரில் சிறைப்பட்டு, 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸ் முகாமிற்குக் கொண்டு செல்லப்பட்டார். உடன் சென்ற 650 பேருள் 500-க்கு மேற்பட்டோர் இரண்டு நாளைக்குள் மாண்டனர். அவர்தம் கையில் 174517 என்னும் எண் பொறிக்கப்பட்டது. 1945-இல் விடுதலையுற்ற அவர், 1947-இல் இந்நூலை வெளியிட்டார்.

அயலார் அனைவரும் பகைவரே என்னும் எண்ணம் பலர் உள்ளத்தில் மறைந்து கிடக்கிறது என்றும், அதுவே கொள்கையாகி முற்றுமிடத்து அதன் முடிவில் கொலைமுகாம் நிற்கும் என்றும் லேவி முன்னுரையில் உணர்த்துகின்றார். வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1935-இல் நூரம்பெர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. 1938 நவம்பரில் அவர்தம் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டன. 1942 சனவரியில், வான்சேயில் கூடிய உயர் அலுவலர் அழிவு வேலையைத் துறைதோறும் ஒழுங்கு செய்தனர்.

முகாமில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைபுரிகின்றது. கைதிகளை வேலை வாங்கும் அலெக்ஸ் என்பவன், தன் கையிற் படிந்த எண்ணெய்க் கறையை லேவியின் தோளில் துடைத்துக் கொள்கின்றான். அவனிடம் வெறுப்பும் இல்லை, ஏளனமும் இல்லை. துணியில் துடைப்பான் போலத் துடைத்தான்.

அங்ஙனமாயின் செற்றம் கொடுமைக்குக் காரணம் அன்றோ எனின், காரணமே என்க. சட்டமும் அலுவலகமும் செற்றத்தைத் தம்முள் ஏற்றுக் கொண்டமையின், தனி ஒருவன் வெறுக்க வேண்டிய தேவை ஒழிந்தது. எதிரே நிற்பவன் மனிதன் அல்லன் என்பது முன்னரே முடிவு செய்யப்பட்ட இடத்தில், கொடுமை அன்றாட வழக்கமாகிவிடுகின்றது.

துன்புற்றோர் உள்ளத்தில் வெறுப்பு எழுதல் இயல்பே. தம்மை அடித்து விரட்டிய ஹங்கேரியக் காவலர்மீது வெறுப்புப் பிறந்ததை எலி வீசல் 'இரவு' என்னும் நூலில் மறைக்கவில்லை. லேவியோ, 1976-இல் தம் நூலின் பள்ளிப் பதிப்பிற்கு எழுதிய பின்னிணைப்பில், ஜெர்மானியரை ஓரினமாக வெறுக்க மறுத்தார். ஒருவனை அவன் செயல் கொண்டன்றி அவன் பிறந்த கூட்டம் கொண்டு வெறுத்தல் நாசியர் நெறியையே பின்பற்றுவதாகும் என்பது அவர் கருத்து. எனினும், செயலால் திருந்தாத குற்றவாளியை அவர் மன்னித்தாரும் அல்லர். வெறுப்பை விலக்கி நீதியைக் கைவிடாத இந்நிலையே அவர்தம் நூலுக்குச் சான்றின் வலிமையைத் தருகின்றது.