சட்டநிரூபண சபையிற் சேர் பொன்னம்பலம் இராமநாதன்

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைச் சட்டநிரூபண சபை 1833ஆம் ஆண்டு தொடங்கி 1931ஆம் ஆண்டு வரை நிலவியது. அச்சபையில் 1879ஆம் ஆண்டு, தமது இருபத்தெட்டாம் வயதிற் புகுந்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1930ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, எழுபத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தபோதும் அச்சபையின் அங்கத்தவராகவே இருந்தார். இடையில் அரசாங்க உத்தியோகம் வகித்த காலம் நீங்கலாக, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் குரல் அங்கு ஒலித்தது. ஆகவே அவர் வாழ்க்கையை ஆராய்தல் அச்சபையின் வளர்ச்சியை ஆராய்தலும் ஆகும். நாட்டின் முதற் பொதுத்தேர்தலில் வென்றவர், எல்லோர்க்கும் வாக்குரிமை என்ற கொள்கையை இறுதிவரை எதிர்த்தது ஏன் என்னும் வினாவும் அவ்வாராய்ச்சியில் எழுகின்றது.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்பிரில் 16ஆம் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயாரின் தந்தையாராகிய குமாரசுவாமி முதலியார் 1835ஆம் ஆண்டிற் சட்டநிரூபண சபையின் முதல் தமிழ்ப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டவர். தாய்மாமனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமியும் அவ்விடத்தை வகித்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, சேர் றிச்சட் மோகனிடம் சட்டம் கற்று, 1874ஆம் ஆண்டில் இராமநாதன் நியாயவாதியானார். 1879ஆம் ஆண்டில் மாமனார் காலஞ்செல்ல, அவ்விடம் மருமகனுக்குக் கிடைத்தது. அக்காலத்திற் பிரதிநிதி என்பவர் மக்களால் தெரிவு செய்யப்பட்டவரல்லர், தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர். உத்தியோகத்தரல்லாத அங்கத்தவர் அறுவரே. அவருள் ஐரோப்பியர் மூவர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோர்க்கு ஒவ்வோர் இடம்.

தமிழரின் பெயரால் இருந்தாராயினும் இராமநாதன் பிற சமூகத்தாரின் குறைகளையும் எடுத்துரைத்தார். 1885ஆம் ஆண்டில் வெசாக் தினம் பொது விடுமுறை நாளாவதற்கு ஒல்கொற் முதலியோருடன் அவரும் துணைநின்றார். அவருடைய கருத்துக்கள் யாவும் இவ்வாறு வரவேற்கப்பட்டன என்று கூறவியலாது. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என 1888ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வு சோனகர் உள்ளத்தைப் பெரிதும் புண்படுத்தியது. தமக்கெனத் தனிப் பிரதிநிதியை வேண்டி நின்ற அச்சமூகத்துக்கு 1889ஆம் ஆண்டில் அவ்வுரிமை கிடைத்தது. இராமநாதன் ஆய்வுக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907ஆம் ஆண்டில் மறுப்பு நூல் எழுதினார்.

1892ஆம் ஆண்டில் இராமநாதன் சொலிசிற்றர் ஜெனரல் பதவியை ஏற்றுச் சபையினின்று நீங்கினார். 1906ஆம் ஆண்டு வரை அப்பதவியிலிருந்தார். ஓய்வு பெற்றபின் சமயத்தொண்டிலே காலங் கழிப்பார் என எண்ணப்பட்டவரை அரசியல் மீண்டும் அழைத்தது. 1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி, படித்த இலங்கையர் அனைவர்க்கும் பொதுவாக ஓரிடம் ஏற்படுத்தப்பட்டது. 1911ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த அத்தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 3000 பேரே. வைத்தியர் மார்க்கஸ் பெர்னாண்டோவை இராமநாதன் தோற்கடித்தார். தமிழர் ஒருவரைப் பெருந்தொகைச் சிங்களவர் ஆதரித்தனர் என்பது பெருமைக்குரியதே. எனினும், உயர்சாதிச் சிங்கள வாக்காளர் பலர் கரவா சமூகத்தவரான பெர்னாண்டோவினும் வேளாளரான இராமநாதனை விரும்பினர் என்பதையும் வரலாற்றாசிரியர் சுட்டுவர்.

1915ஆம் ஆண்டுக் கலவரம் அவர் வாழ்வின் உச்சக் கட்டமாயிற்று. சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட பூசலை அடக்க, ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. விசாரணையின்றியும் பலர் சுடப்பட்டனர், டி. பி. ஜயதிலக்க, டி. எஸ். சேனநாயக்க முதலியோர் சிறைப்பட்டனர். அரசாங்கத்தின் கொடுஞ்செயல்களைச் சபையில் அஞ்சாது கண்டித்த இராமநாதன், அவ்வழக்கை இங்கிலாந்திலும் எடுத்துரைத்து, 1916ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். அவர் திரும்பியபோது சிங்களப் பிரமுகர் அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். ஆயினும் கலவரத்திற் பொருளும் உயிரும் இழந்தோர் முஸ்லிம்களே. தம் துயர் அவ்வுரைகளில் உரிய இடம் பெறவில்லை என்பது அவர்கள் மனக்குறை.

கல்விப்பணி அவர் தொண்டின் மற்றொரு பகுதி. 1913ஆம் ஆண்டில் மருதனார்மடத்திற் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரியையும், 1921ஆம் ஆண்டிற் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். 1921ஆம் ஆண்டிலே ‘சேர்’ பட்டம் பெற்றார். 1924ஆம் ஆண்டு முதல் வடமாகாணத்தின் வடதொகுதிப் பிரதிநிதியாக விளங்கினார். அப்போது சபையின் அங்கத்தவர் தொகை நாற்பத்தொன்பது.

1928ஆம் ஆண்டில் டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்து, சர்வசன வாக்குரிமையை வழங்குமாறு அது விதந்துரைத்தது. இராமநாதன் இரண்டையும் எதிர்த்தார். பிரதேசத் தொகுதிமுறையிற் பெரும்பான்மையினரின் தொகையே வெல்லும், சிறுபான்மையினர் காப்பின்றி நிற்பர் என்பது அவரது ஒரு வாதம். கல்வியும் உடைமையும் அற்றோரிடத்தும் பெண்களிடத்தும் வாக்குரிமையை ஒப்புவித்தல் தகாது என்பது மற்றொன்று. 1929ஆம் ஆண்டு டிசம்பரிற் சபை 19க்கு 17 என்ற வாக்குகளால் அறிக்கையை ஏற்றது. முதுமையையும் பொருட்படுத்தாது, 1930ஆம் ஆண்டில் இலண்டன் சென்று குடியேற்றநாட்டு அமைச்சிடம் அவர் முறையிட்டார்; பயன் விளையவில்லை. நாடு திரும்பிச் சிறிது காலத்தில் அவர் மறைய, அடுத்த ஆண்டு இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களித்தனர்.

இவ்விரு வாதங்களையும் ஒன்றாகக் கொண்டு இராமநாதனைப் புகழ்தலும் இகழ்தலும் முறையன்று. சிறுபான்மையினர் பற்றிய அச்சம் ஆதாரமற்றதன்று என்பதைப் பின்வந்த பல ஆண்டு வரலாறு காட்டியது. ஆனால் அந்நோய்க்கு அவர் கூறிய மருந்து, தம்மினத்து ஏழைக்கும் பெண்ணுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் உரிமையை மறுப்பதாயிருந்தது. பிற இனத்தார் ஆதிக்கத்தை அஞ்சியவர், தம் இனத்துள் நிலவிய ஆதிக்கத்தைக் கண்டிலர். நியமனத்தால் ஆளப்பட்ட சபையில் வளர்ந்த தலைவர்க்கு, தகுதியுடையோர் பிறர்க்காகப் பேசுதலே பிரதிநிதித்துவமாகத் தோன்றியது. ஒவ்வொருவரும் தமக்காகப் பேசுதல் அதுவெனத் தோன்றவில்லை.

எனினும் மனிதர் நாட்டிய மரம் அவர் கருத்தின் எல்லையையும் கடந்து நிழல் தருவதுண்டு. பரமேசுவராக் கல்லூரி அமைந்த வளவில் 1974ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. அதுவே பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயிற்று. யாருக்கு வாக்குரிமை வேண்டாமென அவர் வாதிட்டாரோ, அவர்தம் வழித்தோன்றல்களும் இன்று அங்கே ஒரே மண்டபத்திலிருந்து கற்கின்றனர்.